யாரிடம் சொல்வது? இளையோருக்கு மர்மக் கதை எழுதிய அனுபவம்

பெரியவர்களுக்கான மர்மக் கதையில் வாசகரை இழுத்துக்கொண்டு போகும் கேள்வி, யார் செய்தது என்பது. பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைகளுக்கு எழுதும்போது அந்தக் கேள்வி இரண்டாம் இடத்துக்குப் போய்விடுகிறது. அவர்களைக் கீழே வைக்கவிடாமல் படிக்கச் செய்யும் கேள்வி வேறு. நான் பார்த்ததை யாரிடம் சொல்வது? சொன்னால் நம்புவார்களா? சொன்ன பிறகு எனக்கு என்ன ஆகும்? இது பிடிபட்ட பிறகுதான் எனக்கு இளையோர் கதை எழுத வந்தது. வாசித்ததில், எழுதியதில், பிள்ளைகளோடு பேசியதில் கிடைத்ததை இங்கே சொல்கிறேன். இந்த வயதினருக்குத் தமிழில் நல்ல சஸ்பென்ஸ் கதைகள் நிறைய வர வேண்டும் என்பது என் பெரிய ஆசை.

நான் தூத்துக்குடிக்காரி. பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். கோடை விடுமுறையிலும் சில சனிக்கிழமைகளிலும் எட்டாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளோடு கிளை நூலகத்தில் உட்கார்ந்து கதை வாசிப்போம், எழுதுவோம். நான் எழுதும் கதைகளின் முதல் வாசகர்களும் அவர்கள்தான்.

என் தலைமுறை அம்புலிமாமாவிலிருந்து ஏறக்குறைய நேராக மாத நாவலுக்குத் தாவியது. நடுவில் படக்கதைகள் கைகொடுத்தன. சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் 1972-இல் இரும்புக்கை மாயாவியோடு வந்தது, 1984-இல் லயன் காமிக்ஸ் வந்தது. அப்புறம் பேருந்து நிலையக் கடைகளில் கயிற்றில் தொங்கிய மாத நாவல்கள். அவற்றின் வேகம் எனக்கு இன்றும் பிடிக்கும். முதல் பக்கத்திலேயே நம்மைக் கதைக்குள் இறக்கிவிடும் திறமையை அந்த எழுத்தாளர்களிடம்தான் கற்க வேண்டும். ஆனால் அந்தக் கதைகளில் துப்பறிந்தவர்கள் யார்? வக்கீல், இன்ஸ்பெக்டர், பத்திரிகை நிருபர், தனியார் துப்பறிவாளர். வீட்டை விட்டு வெளியே போக யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாதவர்கள். பதினாலு வயதுப் பெண் அந்தக் கதைகளுக்குள் வந்தால் பெரும்பாலும் கடத்தப்படுவதற்காக வந்தாள். படித்துக்கொண்டிருந்த பதினாலு வயதுப் பெண்ணான எனக்கு அதில் உட்கார இடமில்லை.

ஆங்கிலத்தில் இந்த இடைவெளியைக் கொஞ்சம் முன்பே நிரப்பத் தொடங்கிவிட்டார்கள். அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் எஸ். இ. ஹின்டன் பள்ளி மாணவியாக இருக்கும்போதே எழுதிய நாவல் 1967-இல் வெளியானது. இளையோர் இலக்கியம் பற்றிப் பேசுகிறவர்கள் பலரும் அங்கிருந்துதான் தொடங்குவார்கள். அமெரிக்க மர்மக் கதை எழுத்தாளர் சங்கம் தன் எட்கர் விருதுகளில் இளையோர் நாவலுக்கென்று 1989 முதல் தனிப் பிரிவே வைத்திருக்கிறது. சிறுவர் கதைக்கு ஒன்று, இளையோர் கதைக்கு ஒன்று என்று பிரித்துப் பார்க்கும் அந்தப் பார்வை நமக்கும் வேண்டும். பத்து வயதுப் பிள்ளைக்குச் சாகசம் போதும். பதினாலு வயதில் அதற்கு மேல் ஒன்று தேவைப்படுகிறது. தான் எடுக்கும் முடிவுக்கு ஒரு விலை இருக்கிறது என்று தெரிய ஆரம்பிக்கும் வயது அது.

எனக்குப் பாதை காட்டிய கதை சிறுவர் கதைதான். ஜெர்மன் எழுத்தாளர் எரிக் கேஸ்ட்னர் 1929-இல் எழுதிய எமிலின் கதை. எமில் என்ற பையன் பாட்டியைப் பார்க்க பெர்லினுக்கு ரயிலில் தனியாகப் போகிறான். அம்மா உழைத்துச் சேர்த்த 140 மார்க் பணம் அவன் கோட்டுப் பைக்குள் இருக்கிறது. தொலைந்துவிடக் கூடாதே என்று குண்டூசியால் துணியோடு சேர்த்துக் குத்தி வைக்கிறான். தூங்கி விழிக்கும்போது பணம் இல்லை, எதிரே இருந்த ஆளும் இல்லை. சரி, நேராகப் போலீஸிடம் போக வேண்டியதுதானே? எமில் போக மாட்டான். ஊரில் இருக்கும் பிரபு ஒருவரின் சிலைக்கு மீசை வரைந்து மூக்குக்குச் சிவப்பு பூசிய குற்றம் அவன் மேல் இருக்கிறது. போலீஸ்காரரைப் பார்த்தாலே வயிற்றைக் கலக்குகிறது. அந்தச் சின்னத் தப்பு இல்லையென்றால் கதையே இல்லை. பணம் போனது, புகார் கொடுத்தான், முடிந்தது என்று போயிருக்கும். கடைசியில் வங்கியில் அந்த நோட்டுகளில் இருக்கும் குண்டூசித் துளைகளே திருடனைக் காட்டிக்கொடுக்கின்றன. அந்தத் துளைகள் எப்படி வந்தன என்பதை ஆரம்பத்திலேயே நம் கண்ணெதிரில் வைத்துவிட்டார் கேஸ்ட்னர். துப்பு என்றே தோன்றாதபடி, பயந்த பையன் ஒருவனின் சாதாரணச் செயலாக வைத்தார்.

இதில் இரண்டு ரகசியங்கள் இருப்பதைப் பாருங்கள். பெரிய ரகசியம் திருடனுடையது. சின்ன ரகசியம் பையனுடையது. பெரியதைச் சொல்லப் போனால் சின்னது வெளியே வந்துவிடும். இளையோர் சஸ்பென்ஸின் எந்திரம் இதுதான் என்று நான் நம்புகிறேன். எந்தக் கதையை எழுத உட்கார்ந்தாலும் முதலில் இந்த இரண்டையும் ஒரு தாளில் எழுதிக்கொள்கிறேன். வில்லன் மறைப்பது என்ன? பிள்ளை மறைப்பது என்ன? இரண்டாவது கேள்விக்கு நல்ல பதில் கிடைக்காமல் முதல் அத்தியாயத்துக்குப் போவதில்லை.

அந்தப் பதிலைப் பிள்ளைகளிடம்தான் கேட்க வேண்டும். நூலகத்தில் ஒரு சூழலைச் சொன்னேன். ஷேர் ஆட்டோவில் தினமும் பள்ளிக்குப் போகும் ஒரு பெண், ஓட்டுநர் ஒருவர் வழியில் ஏதோ பொட்டலத்தைக் கைமாற்றுவதைப் பார்க்கிறாள். அந்த ஆளும் அவள் பார்த்ததைப் பார்த்துவிடுகிறார். வீட்டில் சொல்வாளா?

"சொல்ல மாட்டாக்கா" என்றார்கள் பெண் பிள்ளைகள் எல்லாரும், யோசிக்கக்கூட இல்லாமல்.

"ஏன்?"

"சொன்னா பள்ளிக்கூடத்த நிறுத்திருவாங்க."

இந்த ஒரு வரியை நான் உட்கார்ந்து கற்பனை செய்திருந்தால் கிடைத்திருக்காது. கத்தியைக் காட்டி மிரட்டும் எந்த வில்லனையும்விட இது பெரிய தடை. அவளை மிரட்டுவது யாரும் இல்லை. அவள் மேல் உயிரையே வைத்திருக்கும் அம்மாவும் அப்பாவும்தான், தெரிந்தால் பயத்தில் கதவைச் சாத்திவிடுவார்கள். பையன்கள் சொன்ன காரணம் வேறு. "எது சொன்னாலும் மொதல்ல, நீ ஏம்ல அங்க போனன்னுதான் கேப்பாங்க." டியூஷனுக்குப் போகாமல் கண்மாயில் குளிக்கப் போன பையன் அங்கே எதைப் பார்த்திருந்தாலும் வாயைத் திறக்க முடியாது. ஓட்டுநரோ கடத்தல்காரரோ நாளைக்குக் கைதாகிவிடலாம். ஆனால் 'நீ ஏன் அங்கே போனாய்' என்ற கேள்வி வீட்டில் மாதக்கணக்கில் ஓடும். இது பிள்ளைகளுக்கு நன்றாகவே தெரியும்.

ஆகவே எழுத நினைப்பவர்களுக்கு நான் சொல்லும் முதல் யோசனை: சதித்திட்டத்தை யோசிப்பதற்கு முன்னால் பத்துப் பிள்ளைகளிடம், வீட்டில் சொல்ல முடியாதவை எவை, ஏன் சொல்ல முடியாது என்று கேளுங்கள். அவர்கள் சொந்த ரகசியத்தைக் கேட்க வேண்டாம், அது முறையும் இல்லை. கற்பனைப் பாத்திரம் ஒன்றைக் கொடுத்துவிட்டு, அந்தப் பிள்ளை ஏன் சொல்லவில்லை என்று கேட்டால் போதும். கொட்டிவிடுவார்கள்.

சஸ்பென்ஸ் படங்களுக்குப் பேர்போன இயக்குநர் ஹிட்ச்காக், பிரெஞ்சு இயக்குநர் த்ருஃபோவிடம் சொன்ன வெடிகுண்டு விளக்கம் பலருக்கும் தெரிந்திருக்கும். இரண்டு பேர் மேசையில் பேசிக்கொண்டிருக்கிறார்கள், திடீரென்று குண்டு வெடிக்கிறது. பார்ப்பவர்களுக்குக் கிடைப்பது 15 விநாடி அதிர்ச்சி. மேசைக்கு அடியில் குண்டு இருப்பதை அவர்களுக்கு முன்பே காட்டிவிட்டால், அதே வெட்டிப் பேச்சு 15 நிமிடம் நெஞ்சைப் பிடிக்கவைக்கும். பார்ப்பவருக்குத் தெரியும், பாத்திரத்துக்குத் தெரியாது. அதனால் எழுந்திரு, ஓடு என்று கத்தத் தோன்றுகிறது. இளையோர் கதையில் நான் பார்த்தது, அந்தப் பார்வையாளரின் இடத்தில் பிள்ளையே நிற்கிறது என்பதை. குண்டு இருப்பது அவளுக்குத் தெரியும், வாசகருக்கும் தெரியும், மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் பெரியவர்களுக்குத் தெரியாது. அவள் சொல்லப் பார்க்கிறாள், "படிக்கிற வேலையைப் பாரு" என்கிறார்கள்.

இதைப் படித்துப் பழக ஒரு எளிய வழி வைத்திருக்கிறேன். பிடித்த மர்மக் கதை ஒன்றை இரண்டாம் முறை படியுங்கள். முதல் முறை ரசிப்பதற்கு. இரண்டாம் முறை பென்சிலோடு. நோட்டில் மூன்று கட்டம் போட்டு, வாசகருக்குத் தெரிந்தது, கதை நாயகருக்குத் தெரிந்தது, மற்றவர்களுக்குத் தெரிந்தது என்று ஒவ்வொரு அத்தியாய முடிவிலும் நிரப்புங்கள். நல்ல கதையில் ஒவ்வொரு அத்தியாயத்திலும் ஏதாவது ஒரு கட்டமாவது மாறியிருக்கும். தொடர்ந்து இரண்டு அத்தியாயம் மூன்று கட்டமும் அசையாமல் இருந்தால், எத்தனை துரத்தல் வந்தாலும் கதை நின்ற இடத்திலேயே நிற்கிறது என்று அர்த்தம். என் பிரதிகளையும் இதே கட்டத்தில் போட்டுத்தான் வெட்டுகிறேன். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் இந்தக் கட்டத்தை என்னைவிட வேகமாகப் போடுகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

அடுத்தது பெரியவர்களை என்ன செய்வது என்ற பிரச்சினை. பிள்ளை தனியாகத் துப்பறிய வேண்டும் என்றால் பெரியவர்கள் பக்கத்தில் இருக்கக் கூடாது. ஆங்கிலக் கதைகள் விடுதிப் பள்ளியையும் நீண்ட கோடை விடுமுறையையும் வைத்து இதைச் சமாளிக்கின்றன. நம் ஊருக்கு அது ஒட்டாது. பெற்றோரை முட்டாள்களாகக் காட்டுவதும் எனக்குப் பிடிக்காது. நம் பிள்ளைகள் தனியாக இருப்பதற்குக் காரணம் வேலை. உப்பளத்துக்குப் போகிறவர்கள் வெயிலுக்கு முன்னால் உப்பு வாரிவிட வேண்டும் என்று விடியுமுன்பே கிளம்பிவிடுவார்கள். அந்த வீட்டுப் பிள்ளை தானே எழுந்து, தானே குளித்து, தங்கைக்குத் தலை பின்னி, பூட்டைப் பூட்டிப் பள்ளிக்கு வருகிறது. திருப்பூரில் பனியன் கம்பெனி இரவு ஷிப்ட், கடலுக்குப் போன அப்பா, வளைகுடா நாட்டில் இருக்கும் அப்பா, பட்டாசு ஆலைக்குப் போகும் அம்மா. இதையெல்லாம் கதைக்குள் கொண்டுவந்தால் பெரியவர்கள் இல்லாததற்குத் தனியாகக் காரணம் தேட வேண்டியதில்லை. அதோடு அவர்கள் மேல் மரியாதையும் குறைவதில்லை. அம்மா நம்ப மறுப்பவள் அல்ல, மாலையில் கை காலெல்லாம் உப்பு அரித்து அயர்ந்து படுத்திருப்பவள். அவளை எழுப்பிச் சொல்வதா என்று பிள்ளை தயங்குகிறது. அந்தத் தயக்கத்துக்கு ஒரு முழு அத்தியாயம் கொடுக்கலாம்.

இடம் பற்றியும் சொல்ல வேண்டும். மர்மக் கதை என்றதும் பாழடைந்த பங்களா, மலை மேல் எஸ்டேட் என்று போய்விடுகிறோம். உப்பளத்தில் ஒரு கதை வைத்தபோதுதான் பழகிய இடம் எவ்வளவு கொடுக்கும் என்று பார்த்தேன். இந்தியாவில் உப்பு அதிகம் விளையும் இடங்களில் எங்கள் மாவட்டமும் ஒன்று. ஒளிய ஒரு மரம் கிடையாது. கண்ணுக்கு எட்டிய வரை தட்டையான பாத்திகள், நடுவில் ஒற்றை வரப்பு. நிலா வெளிச்சத்தில் ஆள் நடந்தால் எங்கிருந்தும் தெரியும். பகலில் வெள்ளை உப்பில் பட்டுத் தெறிக்கும் வெயில் கண்ணைக் கூசவைக்கும், எதிரே வருபவர் முகம் பிடிபடாது. அதாவது இருட்டில் தெரிகிறது, வெளிச்சத்தில் தெரிவதில்லை. மர்மக் கதைக்கு இதைவிட என்ன வேண்டும்? வடகிழக்குப் பருவமழை வந்துவிட்டால் உற்பத்தி நின்றுவிடும். மழைக்கு முன்னால் குவியல்களை மூடியாக வேண்டும். குவியலுக்குள் எதையாவது ஒளித்து வைத்தவருக்கு ஐப்பசி மழை ஒரு கெடு. கடிகாரம் ஓடுகிறது என்று நான் எங்கும் எழுத வேண்டியிருக்கவில்லை, வானத்தைக் காட்டினால் போதுமாக இருந்தது.

உங்கள் ஊரில் இதே மாதிரி ஒன்று கட்டாயம் இருக்கும். கல் குவாரி, சாயப்பட்டறை, தேயிலைத் தோட்டம், மேம்பாலத்தின் அடிப்பகுதி, அடுக்குமாடிக் குடியிருப்பின் மொட்டை மாடி. அங்கே எந்த நேரம் யார் இருப்பார்கள், எப்போது ஆளே இருக்காது, சத்தம் எவ்வளவு தூரம் கேட்கும், தப்பி ஓட எத்தனை வழி என்று நேரில் போய்க் குறித்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் இந்த விஷயத்தில் கறாரான வாசகர்கள். பாதி ராத்திரியில் இல்லாத பேருந்தை ஓடவிட்டால் உடனே பிடித்துவிடுவார்கள்.

கைப்பேசி வந்த பிறகு சஸ்பென்ஸ் எழுதுவது கஷ்டம், எதுவானாலும் போன் செய்துவிடலாமே என்று சிலர் சொல்வதுண்டு. எனக்கு நேர்மாறான அனுபவம். எங்கள் பிள்ளைகளில் பலர் வீட்டில் ஒரே கைப்பேசி. அது அண்ணன் கையில் இருக்கும், அல்லது அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். ரீசார்ஜ் காலம் முடிந்திருந்தால் அழைப்பு வரும், போகாது. யாருக்கு அழைத்தோம் என்பது பட்டியலில் இருக்கும், அழித்தால் ஏன் அழித்தாய் என்ற கேள்வி வரும். தோழிக்கு அனுப்பிய செய்தியில் நீல டிக் விழுந்துவிட்டது, பதில் இல்லை. படித்தது தோழியா, அவள் அம்மாவா? இதைக் கேட்டதும் வகுப்பே நிமிர்ந்து உட்காரும். கைப்பேசியைத் தொலைக்கவோ சார்ஜ் தீரவைக்கவோ வேண்டாம். அது யாருடையது, யார் பார்ப்பார்கள் என்று மட்டும் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள், சிக்கல் தானாக வரும்.

காவல் நிலையக் காட்சி எழுதுகிறவர்கள் கொஞ்சம் நின்று சட்டத்தைப் படித்துவிட்டு எழுத வேண்டும் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். பதினைந்து வயதுப் பெண்ணை இரவில் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார வைத்து இன்ஸ்பெக்டர் விசாரிப்பதாகப் படித்திருக்கிறேன். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012-ஆம் ஆண்டுப் போக்சோ சட்டம், அத்தகைய வழக்குகளில் இதைத் தெளிவாகத் தடுக்கிறது. வாக்குமூலத்தைப் பிள்ளையின் வீட்டிலோ, வழக்கமாக இருக்கும் இடத்திலோ, பிள்ளை விரும்பும் இடத்திலோ பதிய வேண்டும். இயன்றவரை சப் இன்ஸ்பெக்டர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி வர வேண்டும், சீருடையில் வரக் கூடாது. எந்தக் காரணத்துக்காகவும் பிள்ளையை இரவில் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. பிள்ளையின் அடையாளத்தை ஊடகங்கள் வெளியிடக் கூடாது. இன்னொன்றும் அதில் இருக்கிறது. வாக்குமூலம் பதியும்போது பெற்றோர் உடனிருக்கலாம், அல்லது பிள்ளை நம்பிக்கை வைத்திருக்கும் வேறொருவர் இருக்கலாம். படித்தபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது. பிள்ளை நம்பும் ஆள் யார் என்ற கேள்வியைச் சட்டமே கேட்கிறது. வீட்டிலேயே ஒருவர் மேல் சந்தேகம் என்றால் அந்த நாற்காலியில் யார் உட்காருவார்கள்? அத்தை வருவாரா, வகுப்பாசிரியை வருவாரா, பக்கத்து வீட்டு ஆச்சி வருவாரா? ஒரு நாவலின் நடுப்பகுதி முழுவதும் இதில் இருக்கிறது.

இதைத் தெரிந்துகொண்டு எழுதுவதில் கதையைத் தாண்டியும் ஒரு பயன் உண்டு. நம் கதையைப் படிக்கும் பிள்ளைகளில் யாரோ ஒருவர் உண்மையாகவே இப்படி ஒரு நிலையில் இருக்கலாம். ஸ்டேஷனில் இரவு முழுவதும் உட்கார வைப்பார்கள் என்று கதையில் படித்த பிள்ளை வாயைத் திறக்காது. குழந்தைகள் உதவி எண் 1098 என்பதையும், காசு இல்லாமல் எந்த நேரமும் அழைக்கலாம் என்பதையும் என் கதைகளில் எங்கேயாவது, போதனை மாதிரி இல்லாமல், பள்ளிச் சுவரில் எழுதியிருப்பதாகவாவது கொண்டுவந்துவிடுகிறேன்.

நூலகக் குழுவில் ஒரு மாணவி எழுதத் தொடங்கிய கதையை அவள் சம்மதத்தோடு சொல்கிறேன். பத்தாம் வகுப்புத் தோழி திடீரென்று பள்ளிக்கு வருவதில்லை. உடம்பு சரியில்லை என்று வீட்டில் சொல்கிறார்கள். ஆனால் வாசலில் புதிதாகச் சுண்ணாம்பு அடிக்கிறார்கள், துணிக்கடைப் பைகள் வருகின்றன, தையற்காரர் வந்து போகிறார். கதை சொல்லும் பெண்ணுக்கு மெல்லப் புரிகிறது, தோழிக்குக் கல்யாணம் முடிவாகிவிட்டது. நாள்காட்டியில் முகூர்த்த நாட்களைப் பார்க்கிறாள். அடுத்தது இன்னும் ஒரு வாரத்தில். இந்தக் கதையில் பிணம் இல்லை, துப்பாக்கி இல்லை. வில்லன் என்று சொல்லத்தக்க ஆள்கூட இல்லை. ஆனால் அவள் வாசித்தபோது மொத்தக் கூட்டமும் மூச்சுக் காட்டவில்லை. யாரிடம் சொல்வது? தன் அம்மாவிடம் சொன்னால், அவளும் தோழியின் அம்மாவும் ஒரே தெரு, ஒரே உறவு. தலைமையாசிரியரிடம் சொன்னால், யார் சொன்னது என்று ஊருக்குத் தெரிந்துவிடும். தோழியே வேண்டாம் என்கிறாள், அப்பா செத்துவிடுவேன் என்று மிரட்டியிருக்கிறார்.

நாங்கள் சேர்ந்து சட்டத்தைத் தேடினோம். 2006-ஆம் ஆண்டு குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும். தமிழ்நாட்டில் மாவட்ட சமூக நல அலுவலர்தான் இதற்கான அதிகாரி. நீதித்துறை நடுவர் தடையாணை பிறப்பிக்கலாம். அந்த ஆணையை மீறி நடத்தினால் அந்தத் திருமணமே செல்லாது. இது தெரிந்ததும் அந்தப் பெண்ணின் கதை வேறு தளத்துக்குப் போனது. அதுவரை கல்யாண மண்டபத்தில் ஓடிப்போய்த் தடுப்பதாக முடிவு வைத்திருந்தாள். இப்போது முகூர்த்தத்துக்கு முன்னால் ஒரு தாளைச் சரியான மேசைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். பேருந்து, விடுமுறை நாள், மதிய உணவு இடைவேளை, கலெக்டர் அலுவலகத்தில் எந்த அறை என்று தெரியாமல் சீருடையோடு நிற்கும் பெண். மண்டபத்துச் சண்டையைவிட இது பல மடங்கு பதற்றம் தந்தது.

இந்த வயதுக் கதைக்குக் கொலை கூடாது என்று நான் சொல்லவில்லை. கொலை வந்தால், இறந்தவரை நேசித்த ஒருவர் கதையில் இருக்க வேண்டும். அவர் சாப்பிடாமல் கிடப்பதைக் காட்ட வேண்டும். அந்த இடம் இல்லாத கதையில் கொலையைச் சேர்க்காதீர்கள். படத்தை வைத்து மிரட்டுவது, வினாத்தாள், காணாமல் போன சங்கிலி, வகுப்பிலிருந்து ஒருவரை ஒதுக்கிவைப்பது, வீட்டுக் கடன். பதினாலு வயதுக்கு இவையே உயிர் போகும் விஷயங்கள்.

மொழி பற்றிச் சுருக்கமாக. கதை சொல்லும் நடை எளிய எழுத்துத் தமிழாக இருக்கட்டும், உரையாடல் அந்த ஊர்ப் பேச்சாக இருக்கட்டும். திரையில் கேட்ட சென்னைப் பேச்சைத் திருச்செந்தூர்ப் பையன் வாயில் வைக்காதீர்கள். இந்த ஆண்டின் இளைஞர் கொச்சைச் சொற்களை அதிகம் அள்ளிப் போடவும் வேண்டாம், புத்தகம் அச்சாகி வருவதற்குள் பாதி பழசாகிவிடும்.

அத்தியாய முடிவுக்கு வருகிறேன். வாரப் பத்திரிகைத் தொடர்கள் நமக்குக் கற்றுத்தந்த 'தொடரும்' பெரிய சொத்து. ஆனால் கதவு தட்டப்பட்டது, திறந்தாள், அலறினாள் என்று முடித்துவிட்டு, அடுத்த அத்தியாயத்தில் வந்தது பூனை என்று தொடங்கினால் பிள்ளைகள் ஒரு முறை மன்னிப்பார்கள், மறுமுறை புத்தகத்தை மூடுவார்கள். நான் பெரும்பாலும் பிள்ளை ஒரு முடிவு எடுத்த கணத்தில் அத்தியாயத்தை நிறுத்துகிறேன். "அப்பாவின் கைப்பேசியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள்" என்பது போதும். அலறல் தேவையில்லை. அவள் ஒரு கோட்டைத் தாண்டிவிட்டாள் என்று வாசகருக்குத் தெரியும், பக்கத்தைத் திருப்புவார்.

எழுதி முடித்ததும் பிள்ளைகளிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். நல்லா இருக்கா என்று கேட்க வேண்டாம். மரியாதைக்கு நல்லா இருக்கு என்றுதான் சொல்வார்கள். நான் கேட்பது, எந்த இடத்தில் கீழே வைத்தீர்கள் என்று மட்டும். சாப்பிடக் கூப்பிட்டார்கள் என்பார்கள். அப்போது எந்தப் பக்கம் என்று கேட்பேன். சாப்பாட்டுக்கு எழுந்த பக்கமும், கூப்பிட்டும் எழாத பக்கமும் தெரிந்துவிட்டால் அடுத்த திருத்தத்துக்கு வேண்டியது கையில் வந்துவிடும். இன்னொரு கேள்வி, யார் மேல் எப்போது சந்தேகம் வந்தது என்பது. பாதிக்கு முன்னால் எல்லாரும் ஒரே ஆளைச் சொன்னால் துப்பை மறைக்கவில்லை என்று பொருள். கடைசி வரை ஒருவருக்கும் தோன்றவில்லை என்றால் துப்பே வைக்கவில்லை. இரண்டு மூன்று பேர் மட்டும் கண்டுபிடித்துவிட்டு மற்றவர்களிடம் சொல்லாமல் சிரித்துக்கொண்டிருந்தால் அளவு சரி.

கடைசியாக, முடிவு. வில்லன் பிடிபட்டதும் கதையை முடித்துவிடும் பழக்கம் நமக்கு உண்டு. உப்பளக் கதையைப் படித்துவிட்டு ஒரு எட்டாம் வகுப்புப் பையன், "மறுநாள் அவ ஸ்கூலுக்குப் போனாளாக்கா?" என்று கேட்டான். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். வகுப்பில் என்ன பேசினார்கள், பக்கத்தில் யார் உட்கார்ந்தார்கள், அம்மா வேலைக்குப் போனாளா, அந்த அளத்துக்காரர் இனி வேலை கொடுப்பாரா என்று கேள்விகள் வந்துகொண்டே இருந்தன. குற்றவாளிக்கு என்ன தண்டனை என்று ஒருவரும் கேட்கவில்லை. அன்றிலிருந்து அந்த மறுநாளை முதலிலேயே ஒரு பக்கம் எழுதி வைத்துக்கொள்கிறேன். அவள் யாரிடம் சொன்னாளோ அந்த ஆள் அந்தப் பக்கத்தில் இருக்கிறாரா என்று பார்த்துவிட்டுத்தான் முதல் அத்தியாயத்தைத் தொடங்குகிறேன்.